மேட்டுக்குப்பமா, மரீன் வீதியா?

துறவிகளின் தனிமை எப்படிப்பட்டது என்று நேரில் போய்ப் பார்க்கக் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இரண்டு இடம் சொல்வேன். ஒன்று, வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், வள்ளலார் கடைசியாகத் தங்கிய சித்திவளாகம். இன்னொன்று, புதுச்சேரி மரீன் வீதியில் இருக்கும் அரவிந்தர் ஆசிரமம்.

அரவிந்தர் 1926 நவம்பர் 24க்குப் பிறகு, 1950இல் மறையும்வரை, அறையோடுதான் இருந்தார். வருடத்தில் சில நாள் மட்டும் தரிசனம். ஆனால் பேச்சைத்தான் குறைத்தார், எழுத்தை அல்ல. 1930களில் சீடர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இரவெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். இதையும் தனிமைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், எனக்கும் சந்தேகம்தான்.

வள்ளலார் வழி வேறு. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வழி செய்துவிட்டு, அப்புறம்தான் மேட்டுக்குப்பத்துக்கு ஒதுங்கினார். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னவர், திரும்ப வெளியே வரவே இல்லை. தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

சரி, எங்கே போவது? சும்மா உட்கார வேண்டும் என்றால் ஆசிரமம் மேல். அரவிந்தரின் சமாதியின் மேல் பூக்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், மேலே மரநிழல், பேச்சு கூடாது, செல்போனையும் அணைத்துவிட வேண்டும். மேட்டுக்குப்பத்தில் தைப்பூசத்தை ஒட்டி நடக்கும் திருவறை தரிசனத்துக்கு, அதாவது வள்ளலார் உள்ளே போன அந்த அறையைப் பார்க்க, கூட்டம் நெரியும், அமைதி வேண்டுபவர்கள் வேறு நாளில் போங்கள். என் ஓட்டு மேட்டுக்குப்பத்துக்குத்தான். வடலூரில் இறங்கி, தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டே போகலாம்.