மிர்பேஸ்: காசில்லாமல் கிடைக்கும் நல்ல தரவுத்தளம், ஒரு எச்சரிக்கையோடு

முதுநிலை மாணவர்களுக்கு உயிர்த்தொழில்நுட்பம் சொல்லித் தருகிறேன். 2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்த பிறகு, மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள்) பற்றிக் கேட்டு வருபவர்கள் அதிகம். எல்லாரையும் நான் முதலில் அனுப்புவது, இவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் மிர்பேஸ் தளத்துக்குத்தான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சாம் கிரிஃபித்ஸ்-ஜோன்ஸ் குழு நடத்துவது. முழுக்க இலவசம். சந்தா கட்ட வழியில்லாத கல்லூரிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

வகுப்பில் நான் திறப்பது மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பக்கம். கொண்டை ஊசி போல மடிந்த முன்னோடி ஆர்.என்.ஏ.வும், அதிலிருந்து வெட்டப்படும் 22 எழுத்துத் துண்டும் ஒரே இடத்தில் தெரியும். கல்லீரல் செல்களில் இது ஏராளம். ஹெபடைடிஸ் சி வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் இதை ஒட்டவைத்துக்கொண்டுதான் சிதையாமல் பெருகுகிறது. மிர்-122-ஐத் தடுக்க வந்த மிராவிர்சென் மருந்து, நோயாளிகளிடம் சோதித்தபோது ரத்தத்தில் வைரஸைக் குறைத்தது. அந்த மருந்தும் இப்படி எழுத்துகளால் ஆன ஒரு துண்டுதான், மொத்தம் 15 எழுத்து. மிர்-122-இன் இரண்டாம் எழுத்திலிருந்து பொருத்திப் பாருங்கள், அப்படியே ஜோடி சேரும். என் மாணவர்கள் பென்சிலும் தாளுமாக இதைச் செய்யும்போது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை நான் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

பழைய கட்டுரைகளில் நட்சத்திரக் குறியோடு வரும் பெயர்களைத் தேடினாலும் இன்றைய பெயர் கிடைத்துவிடும். இதுவும் எனக்குப் பிடித்த வசதி.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். 2018 அக்டோபரில் வந்த 22.1 பதிப்பில் மனிதனுக்கு மட்டும் 1,917 முன்னோடிப் பதிவுகள். அத்தனையும் உண்மையான மைக்ரோ ஆர்.என்.ஏ. அல்ல என்று இத்துறை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். கடுமையாகச் சலித்தெடுக்கும் மிர்ஜீன்டிபி தளம் இதைவிட மிகக் குறைவானவற்றையே ஏற்கிறது. புற்றுநோய் அடையாளமாக ஒன்றை ஆய்வுக்கு எடுப்பவர்கள் மிர்பேஸ் பக்கத்தில் "உயர் நம்பிக்கை" என்ற குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எந்த நோயோடு எது தொடர்புடையது என்ற பட்டியலை இங்கே எதிர்பார்க்காதீர்கள், அதற்கு வேறு தளங்கள் உண்டு.

அப்புறம், தளத்திலிருந்து கோப்புகளைத் தரவிறக்கினால் ஆர்.என்.ஏ. வரிசைகள் 'யு' எழுத்தோடு வரும். டி.என்.ஏ. தரவோடு ஒப்பிடும் முன் அவற்றை 'டி' ஆக மாற்றிவிடுங்கள்.