பிரேக் மிதித்தால் ஸ்பீடோமீட்டர் எரிகிற வண்டி

அப்பா 2004-ல் வாங்கிய நூறு சிசி வண்டி, இப்போது என் கையில். தூத்துக்குடியில் தினமும் உப்பளத்து ஓரமாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். இன்ஜின் இன்றைக்கும் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிடும். என்னைப் படுத்தியெடுத்தது பின்னால் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான்.

ஒருநாள் சிக்னலில் பின்னால் நின்ற வேன்காரர், "தம்பி, பிரேக் லைட்டு எரியலையே, யாராவது வந்து ஏத்திரப் போறாங்க" என்றார். பல்பு மாற்றினேன். பத்து நாள் எரிந்தது, அப்புறம் இல்லை. இன்னொரு பல்பு. பட்டறையில் பெடல் பக்கத்து சுவிட்ச் போய்விட்டது என்று அதையும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். ஊஹூம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன் லீவரில் ஒரு சுவிட்ச், பின் பெடலில் ஒரு சுவிட்ச், இரண்டும் தனித்தனியாக அதே பல்புக்குத்தான் மின்சாரம் அனுப்புகின்றன. ஒன்றை அழுத்தினால் எரிந்து மற்றதற்கு எரியாவிட்டால் சந்தேகமே வேண்டாம், சுவிட்ச்தான். இரண்டுக்கும் எரியவில்லை என்றால் இரண்டு சுவிட்சும் சொல்லிவைத்த மாதிரி ஒரே நாளில் சாகுமா என்று யோசித்திருக்க வேண்டும். நானும் யோசிக்கவில்லை, பட்டறைக்காரரும் யோசிக்கவில்லை.

விஷயம் பிடிபட்டது ஒரு சாயங்காலம், வீட்டு வாசலில். ஹெட்லைட் போடவில்லை, சாவி மட்டும் ஆன். பிரேக்கை மிதித்தால் ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் குட்டி விளக்கு மினுக்கென்று எரிகிறது! பின்னால் போய்ப் பார்த்தால் டெயில் லைட்டும் மங்கலாக எரிகிறது, பிரேக் லைட் மட்டும் இல்லை. பேய் பிடித்த வண்டி என்று என் மனைவி சிரித்தாள்.

பேயெல்லாம் இல்லை, எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை. அந்தப் பல்புக்குள் இரண்டு இழை உண்டு, பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இரண்டுக்கும் பொது எர்த் பல்பின் பித்தளை உடம்புதான். அந்த எர்த் அறுந்தால், பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் வீடு திரும்ப வழி தேடி, டெயில் இழைக்குள் புகுந்து, அதன் வயரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், மீட்டர் பல்பு வழியாக எர்த்துக்கு இறங்குகிறது. போகிற வழியில் சின்ன இழைகள் எரியும், 21 வாட் இழை சூடே ஆகாது.

மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையை பல்பு ஹோல்டரின் உடம்பில் தொட்டு, மனைவியைப் பெடலை மிதிக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் மட்கார்டுக்கு அடியில். முந்தின வருஷம் பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது எர்த் வயரின் வளையத்தைப் பெயின்ட் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். மரையைக் கவ்விக்கொண்டு கொஞ்ச நாள் வேலை செய்திருக்கிறது, பிறகு உப்புக்காற்று மிச்சத்தை முடித்துவிட்டது. இடையில் பல்பு மாற்றும்போதெல்லாம் ஆட்டியதில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பத்து நாள் வெளிச்சம். உப்பு செய்த வேலையை உப்புத்தாளால் தேய்த்தேன். அதோடு விடாமல் ஹோல்டரிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு வயரும் இழுத்து, இணைப்பில் வாசலின் தடவினேன். செலவு நாற்பது ரூபாய்க்குள். பல்பு, சுவிட்ச், கூலி என்று அதற்கு முன் அழுததை எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது, எர்த் பிரச்சினை திரும்பவில்லை. வேறு சின்னத் தொல்லைகள் வந்தன. பிரேக் ஷூ தேய்ந்து பெடலை டைட் வைத்தபோது லைட் அணையாமலேயே எரிந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டது. பெடலைத் தொட்டால் சுவிட்சையும் சரிபார்க்க வேண்டும், அதுவும் நட்டைத்தான் திருப்ப வேண்டும், சுவிட்சையே திருப்பினால் உள்ளே வயர் முறுக்கிக்கொள்ளும். இன்னொரு தடவை பல்பை அவசரத்தில் தலைகீழாகத் திணித்துவிட்டேன். பல்பின் பக்கவாட்டில் துருத்தும் இரண்டு குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது, பலவந்தம் செய்தால் டெயில் பிரகாசமாகவும் பிரேக் மங்கலாகவும் மாறிவிடும்.

எல்இடி போட்டுப் பார்த்தேன். சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி ரோஸ் நிறமாகத் தெரிந்தது. சிவப்பு எல்இடி போட்டால் கீழே நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் இல்லை. பழைய பல்புக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது ராத்திரி வண்டியை நிறுத்தும்போது காம்பவுண்டுச் சுவர் பக்கம் பின்புறத்தைக் காட்டி, லீவரை ஒருதரம், பெடலை ஒருதரம் அழுத்திவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன். சுவர் இரண்டு தடவை சிவந்தால் சரி.