கோடையில் நேரோபோட்: கென்னட் ஏவனா, லீட்ஸ் லிவர்பூலா?

ஜூலையில் ஒரு வாரம் நேரோபோட் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு) வாடகைக்கு எடுப்பது என்று முடிவானதும், எங்கள் பட்டியலில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு கால்வாய்கள். ஒன்று, தெற்கு இங்கிலாந்தில் பிரிஸ்டலையும் ரெடிங்கையும் இணைக்கும் கென்னட் அண்ட் ஏவன். மற்றது, வடக்கே பெனைன் மலையைத் தாண்டிப் போகும் லீட்ஸ் அண்ட் லிவர்பூல். நாங்கள் எடுத்தது கென்னட் ஏவன். இன்னொரு வறண்ட கோடை வந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

அழகு, கிராமம், கரையோர பப் எல்லாம் இரண்டிலும் தாராளம். லாக்குகளும், அதாவது தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளும், இரண்டிலும் 14 அடி அகலம். இரண்டு நேரோபோட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். நீளத்தில்தான் வித்தியாசம். லீட்ஸ் லிவர்பூலில், விகனிலிருந்து லீட்ஸ் வரை லாக்குகள் சுமார் 62 அடிதான், 70 அடிப் படகு உள்ளே போகாது. அங்கேயே வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, தீர்மானித்தது எது? தண்ணீர். கோடைப் பயணத்துக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

ஒரு லாக்கை நிரப்பிக் காலி செய்தால், மேலே இருந்த இரண்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் கீழே போய்விடுகிறது. கால்வாயின் மிக உயரமான உச்சிப் பகுதியைத் தாண்டும் படகு, ஏறும் பக்கம் ஒரு லாக், இறங்கும் பக்கம் ஒரு லாக் என்று உச்சியிலிருந்து இரண்டு முறை இப்படி எடுக்கிறது. அதை யாராவது திரும்ப நிரப்ப வேண்டும். லீட்ஸ் லிவர்பூலில் அந்த வேலையைப் பெரும்பாலும் மழைதான் செய்கிறது. ஃபோல்ரிட்ஜ், விண்டர்பர்ன் போன்ற நீர்த்தேக்கங்களில் சேர்வதுதான் உச்சிக்கு வருகிறது. மழை பொய்த்தால் கதவுகளுக்குப் பூட்டு. 2010 ஆகஸ்டில் விகனுக்கும் கார்கிரேவுக்கும் இடையே சுமார் 60 மைல் தூரத்தை மூடினார்கள். 2022 கோடையிலும் மூடல். 2025-இல் இங்கிலாந்தின் வசந்த காலம் நூறு வருடங்களில் இல்லாத அளவுக்கு வறண்டு போக, மே மாதமே மூடத் தொடங்கிவிட்டார்கள். பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

கென்னட் ஏவனின் உச்சியோ இரண்டு மைல் சொச்சம்தான். அதைத் தேடி வரும் தண்ணீர் இயல்பாகவே குறைவு என்பதால், ஆரம்பத்திலிருந்தே ஏற்றி ஊற்றித்தான் ஓட்டுகிறார்கள். கிராஃப்டனில் 1812-இல் நிறுவிய நீராவி எஞ்சின் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் சுமார் 40 அடி மேலே தண்ணீர் ஏற்றும். அன்றாட வேலையை இப்போது மின் பம்புகள் பார்த்துக்கொள்கின்றன. பாத் நகருக்கு அருகே கிளாவர்ட்டனில், 1813 முதல், ஏவன் நதி சுழற்றும் சக்கரமே நதித் தண்ணீரைக் கால்வாய்க்கு ஏற்றியது. அங்கும் இன்று மின்சாரம்தான். டிவைசஸ் ஊரில் 29 லாக்குகள் 237 அடி ஏறும் கேன் ஹில்லில், 1996-இல் பம்பு வைத்தார்கள். அடியில் சேரும் தண்ணீரை நாளொன்றுக்கு 3.2 கோடி லிட்டர் வரை மறுபடி அந்த லாக் வரிசையின் மேலே அனுப்பும். பதினோரு நிமிடத்துக்கு ஒரு லாக் நிறையும் கணக்கு. நம் வீட்டு மேல்தொட்டிக்கு மோட்டார் போடுகிற மாதிரிதான். மோட்டார் ஓடும்வரை மழையை எதிர்பார்க்க வேண்டாம்.

இதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்பு பழுதானால் இங்கும் நிற்க வேண்டியதுதான். கிராஃப்டனுக்குத் தண்ணீர் தரும் வில்ட்டன் வாட்டர் ஊற்றுகளை நம்பியது. குளிர்காலமும் வறண்டிருந்தால் அங்கும் இழுபறிதான். உச்சியில் லாக் நேரத்தைக் குறைப்பதும் நடக்கும். ஆனால் நேரம் குறைவது வேறு, மாதக்கணக்கில் மூடுவது வேறு.

வெயில் விஷயத்தில் கென்னட் ஏவனுக்கு ஒரு பெரிய குறை உண்டு: கேன் ஹில்லேதான். நடுவில் நேர்கோட்டில் நிற்கும் 16 லாக்குகளில் நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் குளங்கள் வெட்டியிருப்பதால் மரத்துக்கு இடமே இல்லை. விடியற்காலையில் ஏறிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. காலையில் கால்வாய் ஊழியர்கள் திறந்த பிறகுதான் நுழைய முடியும், மதியத்துக்குள் நுழைந்தும் ஆக வேண்டும். ஆக, உச்சி வெயிலில்தான் தண்ணீர் விடும் மதகைச் சுழற்றித் திறக்க வேண்டும், கதவை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். ஐந்தாறு மணி நேர வேலை. தன்னார்வலர்கள் கை கொடுப்பார்கள், இன்னொரு படகோடு சேர்ந்து ஏறினால் வேலையும் பாதி, தண்ணீரும் பாதி. வயதானவர்களோடு போகிறவர்கள் கேன் ஹில்லை விட்டுவிட்டு, பிராட்ஃபர்ட் ஆன் ஏவனிலிருந்து பாத் வரை போய்த் திரும்புங்கள். பிராட்ஃபர்ட் லாக்கைத் தாண்டினால் பாத் வரை ஒன்பது மைல் லாக்கே இல்லை. அவன்க்ளிஃப், டண்டாஸ் என்று கால்வாயையே தாங்கிச் செல்லும் இரண்டு நீர்ப்பாலங்கள். பள்ளத்தாக்கு முழுக்க மரம். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் குடியிருப்புப் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சலிப்பு.

நிழலின் அருமை படகுக்குள் போனால் தெரியும். இரும்புப் படகு, நீர்மட்டத்துக்குக் கீழே குளுமையாக இருந்தாலும் கூரை நாள் முழுக்கச் சூட்டை உறிஞ்சி இரவில் நமக்குத் தருகிறது. மதியம் இரண்டு மணிக்கே மரத்தடி பார்த்துக் கட்டிவிட்டு, மாலையில் மறுபடி கிளம்புங்கள்.

லீட்ஸ் லிவர்பூலில் நான் போனது யார்க்‌ஷயர் பக்கம் மட்டும், அதுவும் குளுமையான மே மாதத்தில். அதனால் ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். பிங்லியில் 1774-இல் திறந்த ஐந்தடுக்கு லாக்கில், ஒன்றின் மேல்கதவே அடுத்ததின் கீழ்கதவு. எந்த மதகை முதலில் திறப்பது என்று லாக் காவலர்கள் கூட நின்று சொல்வார்கள். அதற்கு மேல் கார்கிரேவ் பக்கம் ஏறக்குறைய 17 மைலுக்கு லாக் இல்லை. பதிலாக, இறங்கி இறங்கித் தள்ளித் திறக்க வேண்டிய சுழல்பாலங்கள். நல்ல மழை பெய்த வருடத்தில், மே அல்லது செப்டம்பரில், இதற்கே என் ஓட்டு.

எதை எடுத்தாலும், முன்பணம் கட்டும் முன் வாடகை நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர்ப் பற்றாக்குறையால் வழி மூடினால் பணம் திரும்ப வருமா, இல்லை திறந்திருக்கும் பக்கம் போகச் சொல்வீர்களா? எங்களுக்குப் பதில் சொல்லாமல் மழுப்பிய ஒரு நிறுவனத்தை அங்கேயே விட்டுவிட்டோம். அப்புறம், கிளம்புவதற்கு முந்தைய வாரம் கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் மூடல் அறிவிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.