முடிவில் மூட்டமா, நடுவிலா?

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிய மலையகக் கதையில் நிச்சயமின்மையை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, முடிவைச் சொல்லாமல் விடுவது: இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயில் கிளம்பும், கதையும் அங்கேயே நின்றுவிடும். சுலபம்தான். ஆனால் எழுத வராமல் நிறுத்தியதற்கும் இப்போது 'திறந்த முடிவு' என்றே பேர்.

இன்னொன்று, வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கிக் கிடந்தது. அந்தப் பத்து வருடத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கொய்யாக் கன்று நடும் கிழவியை எழுதுங்கள். காய்க்கும்போது யார் இருப்பார்களோ என்று அவள் கேட்கவே வேண்டாம். நமக்கு அடிவயிறு கலங்கும். என் ஓட்டு அவளுக்குத்தான்.