38,500 ரூபாய்க்கு மகள் பங்கைக் கெடுத்த உயில்: மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இருக்கிறவங்க கவனத்துக்கு

"வீட்டுக்கே வந்து உயில் எழுதித் தர்றோம், குடும்ப டிரஸ்ட் போட்டுத் தர்றோம்"னு போன்ல விளம்பரம் ஓடுதே, அப்படி ஒரு ஆபீஸுக்கு எங்க பெரியப்பா கட்டின பணம் 38,500 ரூபாய். உயிலுக்கு 9,500, டிரஸ்ட்டுக்கு (சொத்தை ஒருத்தர் பொறுப்புல வச்சு குடும்பத்துக்காக நடத்தற ஏற்பாடு) 24,000, அசலை அவங்க லாக்கர்ல வைக்க 5,000. பெரியப்பா போன மாசம் காலமாயிட்டார். நேத்துதான் கவர் கைக்கு வந்தது.

அவர் நினைச்சது இவ்வளவுதான். 12 சென்ட் வீட்டுமனையும் வீடும் அவர் மகளான அக்காவுக்கு. 60 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) அவர் மகனான தம்பிக்கு. பேங்க் டெபாசிட் பெரியம்மாவுக்கு. இப்ப இருக்கிற காகிதப்படி ரப்பர் விளை முழுசும் தம்பிக்குப் போகும், அதுல சிக்கல் இல்லை. வீடு மட்டும் அக்காவுக்குப் போகாது. அது மூணு பங்காகி அம்மா, மகள், மகன் மூணு பேருக்கும் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்க: உயிலே எழுதாம போயிருந்தா அக்காவுக்கு வீடு, விளை, டெபாசிட் எல்லாத்துலயும் மூணுல ஒண்ணு உண்டு. 38,500 ரூபாய் கொடுத்து உயில் எழுதினதால வீட்டுல மட்டும் மூணுல ஒண்ணு. பணம் கொடுத்து மகளுக்கு நஷ்டம் வாங்கியிருக்கு.

ஆபீஸ் பேரைப் போடலை, நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போகுது. மாடி ஆபீஸ், கண்ணாடிக் கதவு, சுவர்ல தராசுப் படம். பார்த்தா வக்கீல் ஆபீஸ் மாதிரி இருக்கும். வக்கீல் ஆபீஸ் கிடையாது.

வந்த ஆள் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றி வச்சுட்டு, பெரியம்மாகிட்ட தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, "ஐயா, நானும் உங்க மகன் மாதிரிதான்"னு ஆரம்பிச்சிருக்கான். அப்புறம் ரெண்டு பயம் காட்டியிருக்கான். ரெண்டுமே செத்துப்போன சட்டம்.

முதல் பயம்: "கிறிஸ்தவக் குடும்பத்துல உயில் இல்லைன்னா பொம்பளப் பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது." நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்ல இருந்தப்போ 1916-ல வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. மகன் பங்குல கால் பங்கு இல்லேன்னா 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் வழக்குல 1986-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 1951 ஏப்ரல் 1 முதலே அது செல்லாது, 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்னு ஆக்கிடுச்சு. அதுப்படி மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமா. ஆணும் பெண்ணும் ஒண்ணுதான். பழைய தலைமுறைக்கு அந்த 5,000 ரூபாய் கதை மனசுல இருக்கு, அதைத் தெரிஞ்சே தொட்டிருக்கான்.

ரெண்டாவது பயம்: "வாரிசு வரி வருது, டிரஸ்ட் போட்டா தப்பிக்கலாம்." இந்தியாவுல எஸ்டேட் டியூட்டியை (இறந்தவர் சொத்து மேல போட்ட வரி) 1985-லயே எடுத்தாச்சு. இல்லாத வரியில இருந்து தப்பிக்க 24,000 ரூபாய்!

இனி கையெழுத்துப் போட்ட நாள். இதை நிதானமா படிங்க, 38,500 ரூபாயும் போனது இந்த இடத்துலதான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு சாரைக் கூப்பிடலாம்னு பெரியப்பா எழுந்திருக்கார். அவன் கையைப் பிடிச்சு உட்கார வச்சு, "வெளியாள் எதுக்கு ஐயா? வீட்டு விஷயம் ஊருக்குத் தெரியணுமா? உங்க மருமகனே போடட்டும், இன்னொரு சாட்சி எங்க ஆபீஸ் பையன் போடுவான்"னு சொல்லியிருக்கான். எவ்வளவு அக்கறையான பேச்சு! அத்தான் முதல் சாட்சியா கையெழுத்துப் போட்டுட்டார்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-ம் பிரிவு: உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கோ, அவரோட மனைவிக்கோ கணவனுக்கோ அந்த உயில்ல ஏதாவது எழுதியிருந்தா, அந்த எழுத்து மட்டும் செல்லாது. உயில் நிற்கும், சாட்சியும் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் விழும். அத்தான் கையெழுத்து அக்காவோட வீட்டைக் காலி பண்ணிடுச்சு. பதிவு பண்ணியிருந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. இந்துக்கள் எழுதற உயிலுக்கு இந்த 67-ம் பிரிவு பொருந்தாது. அதனால இந்து வீட்டுக்குப் போட்ட அச்சை அப்படியே கிறிஸ்தவ வீட்டுக்கும் போட்டிருக்காங்கனு நினைக்கிறேன். அதே அச்சை ஒரு முஸ்லிம் வீட்டுக்குக் கொண்டுபோனா வேற மாதிரி வெடிக்கும். அங்கே மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது, சுன்னி முறையில ஒரு வாரிசுக்கு மட்டும் எழுதினா மத்த வாரிசுகள் அவர் இறந்த பிறகு சம்மதிக்கணும். மதம் கேட்காம உயில் எழுதறவன்கிட்ட நம்ம மாவட்டத்துல ஒரு வேலையும் கொடுக்கக்கூடாது.

சரி, விழுந்த பங்கு எங்கே போகும்? உயிலோட கடைசியில "இதில் சொல்லாத மற்ற அசையும் அசையாச் சொத்துகள் எல்லாம் இன்னாருக்கு"னு ஒரு மிச்சச் சொத்து வாசகம் இருந்தா, அந்த இன்னாருக்குப் போகும். பெரியம்மா பேரை அங்கே எழுதியிருந்தா இன்னைக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், அவங்க அக்காவுக்கு எழுதிக் கொடுத்துடுவாங்க. ஒரே ஒரு வரி. 9,500 ரூபாய் உயில்ல அது இல்லை. அதனாலதான் வீடு உயில் இல்லாத சொத்தாகி மூணா உடையுது.

சொத்து விவரத்தைப் பார்த்ததும் தலை சுத்திடுச்சு. பட்டாவுல 0.04.86 ஹெக்டேர்னு இருக்கு. அதாவது 4.86 ஏர்ஸ், நம்ம கணக்குல 12 சென்ட். உயில்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? "4.86 சென்ட்". ஏர்ஸும் சென்டும் வேறன்னு தெரியாதவன் சொத்து விவரம் எழுதியிருக்கான். சர்வே நம்பரும் பழைய பத்திரத்துல இருந்த பழைய நம்பர், ரீசர்வே நம்பர் இல்லை. நான்கெல்லை இல்லை. மேற்குப் பக்கத்துக்காரர் எல்லைத் தகராறு பண்ணினா இந்தக் காகிதம் அவருக்குத்தான் உதவும்.

டிரஸ்ட் பத்திரம் இன்னும் அழகு. 100 ரூபாய் முத்திரைத்தாள்ல எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, "ரெஜிஸ்டர் ஆயிடுச்சு ஐயா"னு கொடுத்திருக்காங்க. தம்பி வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, ஒண்ணும் காணலையேன்னு கேட்டப்போ, "உயில் எல்லாம் வில்லங்கத்துல வராது"னு பதில். அது உண்மைதான். உயில் 3-ம் புத்தகத்துல பதிவாகும், வில்லங்கச் சான்றுல தெரியாது. ஆனா டிரஸ்ட்? 1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம் 5-ம் பிரிவுப்படி, நிலத்தை டிரஸ்ட்ல வைக்கணும்னா பதிவு செய்த பத்திரம் வேணும், இல்லேன்னா உயில் மூலமா வைக்கணும். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. பதிவான பத்திரத்துல சார்பதிவாளர் முத்திரை, ஆவண எண், வருஷம், எழுதிக் கொடுத்தவர் போட்டோ, விரல் ரேகை எல்லாம் இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லை. 24,000 ரூபாய் டிரஸ்ட் பொறந்ததே இல்லை. அதுலயும் நல்ல வேளை, அது செல்லியிருந்தா இன்னும் குழப்பம், உயில்ல எழுதின அதே வீடு டிரஸ்ட்லயும் இருக்கு.

சாதாரணக் குடும்பத்துக்கு டிரஸ்ட் தேவைப்படற இடம் ரொம்பக் கொஞ்சம். மனவளர்ச்சி குறைந்த பிள்ளை இருந்து, நமக்குப் பிறகு மாசாமாசம் செலவுக்குப் பணம் போகணும்னா தேவை. சின்னப் பிள்ளைகளை விட்டுட்டுப் போற நிலைமைன்னா தேவை. அதையும் உயிலுக்குள்ளேயே எழுதலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காப்பாளர் நியமிக்க 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழு இருக்கு. ரெண்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரு வீடு, ஒரு ரப்பர் விளை இருக்கிற வீட்டுக்கு டிரஸ்ட்டை விற்கிறவன் வியாபாரிதான்.

இப்ப அவங்க பதிலைக் கேளுங்க. முதல்ல "சார் மீட்டிங்ல இருக்காங்க". அப்புறம் "லீகல் டீம் பார்த்துட்டுக் கூப்பிடுவாங்க". அப்புறம் லாக்கர்ல இருந்து அசலை எடுக்க ரிலீஸ் சார்ஜ் வேணும்னாங்க. 5,000 வாங்கினது எதுக்குன்னு சத்தம் போட்ட பிறகு கவரைத் தந்தாங்க. சாட்சி விஷயத்தைக் கேட்டா, "சாட்சியைத் தேர்வு பண்ணினது வாடிக்கையாளர்தான், எங்க பொறுப்பு டிராப்டிங் மட்டும்". செத்தவர் வந்து மறுத்துப் பேசமாட்டார்ங்கிற தைரியம். பெரியம்மா போன் பண்ணி, "தம்பி, நீதானே மருமகனைப் போடச் சொன்ன?"ன்னு கேட்டிருக்காங்க. "பாட்டி, உங்களுக்கு ஞாபகம் சரியில்லை"ன்னு வச்சுட்டான்.

அதுக்கு மேல ஒண்ணு: "பிரபேட் (உயில் உண்மைதான்னு கோர்ட் தர்ற சான்று) எடுத்தா எல்லாம் சரியாயிடும், 45,000 ஆகும்." 38,500 போதாதாம்! நம்ம மாவட்டத்துல எழுதின, நம்ம மாவட்டத்துச் சொத்துக்கான உயிலுக்கு பிரபேட் கட்டாயம் கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்த நிபந்தனையை 2002-லயே எடுத்தாச்சு. பிரபேட் வாங்கினாலும் 67-ம் பிரிவுல விழுந்த பங்கு எழுந்திருக்காது. பிரபேட் உயிலை மெய்ப்பிக்கும், வேற ஒண்ணும் பண்ணாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம்னதும், "வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துல வராது, 2024-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு"ன்னு ஒரு மெசேஜ். தீர்ப்பு உண்மை. சரி, எந்த வக்கீல், பார் கவுன்சில் பதிவு எண் என்னன்னு கேட்டோம். அதுக்குப் பிறகு பதிலே இல்லை, நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. வக்கீலும் இல்லை, உரிமம் வாங்கின ஆவண எழுத்தரும் இல்லை. அப்போ அந்தத் தீர்ப்பு இவங்களைக் காப்பாத்தாது.

அக்காவுக்கு இப்ப இருக்கிற வழி, அம்மாவும் தம்பியும் அவங்க பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணித் தரணும். குடும்பத்துக்குள்ள முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. தம்பி சவுதியில இருக்கான். அவன் அங்கே இந்தியத் தூதரகத்துல பவர் எழுதி அனுப்பி, அது இங்கே வந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும். தம்பி சரின்னு சொல்லிட்டான். எத்தனை வீட்டுல தம்பி சரின்னு சொல்வான்?

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது, அவசரமா நாலு விஷயம். சாட்சி ரெண்டு பேரும் சொத்து வாங்காதவங்க, வாங்கறவங்களோட கணவன் மனைவியும் இல்லாதவங்க, உங்களைவிட இளையவங்க, ஊர்ல இருக்கிறவங்களா இருக்கட்டும். நாளைக்கு ஒருத்தராவது கோர்ட்டுல வந்து சொல்லணும். எங்க ரெண்டாவது சாட்சியான ஆபீஸ் பையன் வேலையை விட்டுட்டானாம், முகவரின்னு எழுதியிருக்கிறது ஆபீஸ் முகவரி. நீங்க கையெழுத்துப் போடறதை அவங்க பார்க்கணும், அவங்க போடறது உங்க கண் முன்னால நடக்கணும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். அசலை எந்தக் கம்பெனி லாக்கர்லயும் வைக்காதீங்க. சார்பதிவாளர்கிட்ட பதிவு பண்ணலாம், இல்லேன்னா மாவட்டப் பதிவாளர்கிட்ட முத்திரையிட்ட உறையில ஒப்படைக்கலாம். நடக்க முடியாதவங்க வீட்டுக்குப் பதிவு அலுவலரே வர்றதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு.

ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணுங்க. நாகர்கோவில்ல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள்ள போகணும். ஜிபே ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, எங்களுது ஒரு தனிநபர் நம்பருக்குப் போயிருக்கு.

அதே ஆபீஸ்ல எழுதின உயில் உங்க வீட்டுல இருந்து, எழுதினவர் உயிரோட இருந்தா, இன்னைக்கே கவரை வாங்கி சாட்சிப் பக்கத்தைப் பாருங்க. மருமகன், மருமகள் பேர் இருந்தா, "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தும் ரத்து"ன்னு முதல் வரியில போட்டுப் புது உயில் எழுதச் சொல்லுங்க. அதுக்கு ஒரு வெள்ளைத்தாளும் வெளியாள் ரெண்டு பேரும் போதும்.