தம்போரிம் வாங்க நினைப்பவர்களுக்கு

ஆறு அங்குல வட்டத்தில் ஒரு உலோக வளையம், ஒரு பக்கத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் தோல், சுற்றிவர முறுக்காணிகள். கஞ்சிராவை விடச் சின்னது. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் கார்னிவல் திருவிழா இரவுகளில் சம்பா பள்ளிகள் (பள்ளிக்கூடம் அல்ல, சம்பா ஆட்டமும் பாட்டுமாகப் போட்டி போடுகிற கழகங்கள்) ஊர்வலம் வரும்போது மேளக் கூட்டத்தின் முன்னணியில் நின்று பொரிந்து தள்ளுகிற வாத்தியம் இதுதான். யாழ்ப்பாணக் கடைகளில் நான் காணவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். இணுவிலில் தவில் சத்தத்துக்குள் வளர்ந்தவன் நான். அந்தக் காதால் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டியால் எடுத்தவுடன் ‘தொப்’ என்றுதான் கேட்டது. எதிரெதிர் ஆணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் சுருதி கோணும். வடிவாக ஏற்றிவிட்டால் ‘டிக்’ என்று ஒரு வெட்டு ஓசை, கார்வையே இல்லை. தவிலின் வலந்தலை நாதத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். அத்தனை மேளங்களுக்கும் மேலால் கேட்கவேண்டிய வாத்தியத்துக்கு அந்தக் கூர்மைதான் தேவை. குறை தடியில் இருக்கிறது. நுனி பல நாராகப் பிரிந்த பிளாஸ்டிக் தடி. நார்கள் கெதியாக முறிகின்றன.

வாசிப்பு நாலடிச் சுற்று. மூன்று அடி மேலிருந்து கீழே. மற்ற ஒன்றுக்கு இடது மணிக்கட்டைத் திருப்பி வாத்தியத்தையே கவிழ்க்க வேண்டும். மேலே திரும்பிப் போகிற தடியில் தோல் வந்து படும். தடி பிடிக்காத கைதான் அந்த அடியை அடிக்கிறது! கழியும் விரல்கூடுமாகத் தவில் பழகின கைக்கு இது புதுப் பாடம், மணிக்கட்டு நன்றாக நோகும். மெதுவாக அடிக்கும்போது நொண்டும். வேகம் ஏறினபிறகு நடை தானாக வந்து உட்காருகிறது.

முக்கியமான விசயம்: தனியாக ஒன்று வாங்காதையுங்கோ. ஒரு சம்பா பள்ளியின் மேள அணியில், பத்தேரியா என்பார்கள், 200 முதல் 300 பேர் வரை இருப்பார்கள். சுர்து எனும் பெரிய மேளங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி நடையைப் பிடிக்கும். 1928இல் தொடங்கின மங்கெய்ரா பள்ளி அந்தப் பதில் மேளத்தை வைப்பதில்லை; கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர்களைத் தெரியும். மொத்த மேளத்தையும் நடுவில் நிறுத்தி மறுபடி எடுக்கிற வித்தையை 1959இல் மொசிடாஜி பள்ளியின் மேள அணித் தலைவர் மெஸ்த்ரி அந்த்ரே தொடக்கினார் என்பார்கள். நடுவர்கள் புள்ளியிடும் 9 அம்சங்களில் பத்தேரியாவும் ஒன்று, பத்துக்குத் தசமத்தில் குறைந்தாலும் வெற்றி கைமாறும். எங்கட தவில் சமாவில் வித்துவான் தனித்துத் தெரிந்து பெயரெடுப்பார். தம்போரிம் வரிசையில் ஒருவர் தனித்துக் கேட்டால் அது பிழை. என்னிடம் படிக்கிற பெடியளுக்கும் எடுப்பித்து எல்லாரும் ஒன்றாகத் திருப்பியபோது மயிர்க்கூச்செறிந்தது. கொடுத்த காசு அன்றைக்குத்தான் தகும் என்று பட்டது.

பழக விரும்பினால் ஊர்வலத்தையே பாருங்கோ. அது போகிற வீதிதான் ஒஸ்கார் நீமேயர் வடிவமைத்து 1984இல் திறந்த சம்பாட்ரோம், ஏறத்தாழ 700 மீற்றர் நீளம். நேரலையில் பார்ப்பதானால், அங்கே இரவு 10 மணி என்றால் எங்களுக்கு அடுத்தநாள் காலமை 6.30. மேளக்காரர் பாதிவழியில் பக்கத்து ஒதுக்கிடத்துக்குள் திரும்பி நின்று, மிச்சப் பள்ளியை முன்னால் விட்டு அடிப்பார்கள். அந்த நேரம் தடியைப் பார்க்காமல் இடது கையைப் பாருங்கோ.

வெளிநாட்டிலிருந்து யாரும் வரும்போது சொல்லிவிடுவதானால் மேலதிகத் தடி, மாற்றுத் தோல், ஆணி முறுக்குகிற திறப்பு மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுங்கோ. எனக்கு வந்த பெட்டிக்குள் திறப்பு இருக்கவில்லை, சைக்கிள் கடையில்தான் அளவான ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.