பணிமனைக் கணக்கில் ஹைட்ரஜன் பேருந்தும் பேட்டரிப் பேருந்தும்

ஹைட்ரஜன் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பொதுவாகக் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். எந்த வண்டி, எத்தனை, தினம் எவ்வளவு தூரம் என்று சொன்னால் கணக்குப் போடலாம். 50 நகரப் பேருந்துகள் நிற்கும் ஒரு பணிமனை, ஒவ்வொன்றும் நாளுக்கு 200 கி.மீ., ஏசி உண்டு என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில் என் ஓட்டு பேட்டரிக்கே.

புகை, சத்தம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டையும் உருட்டுவது மின் மோட்டார்தான். ஹைட்ரஜன் பேருந்திலும் சிறியதாக ஒரு பேட்டரி உண்டு. அதற்கு மேல் ஹைட்ரஜனை மின்சாரமாக மாற்றும் ஃப்யூவல் செல், கூரையில் 350 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 350 மடங்கு) அழுத்தச் சிலிண்டர்கள், காற்று கம்ப்ரெசர், மின்சாரம் கடத்தாத தனிக் கூலன்ட் என்று பராமரிப்புப் பட்டியல் நீள்கிறது.

முடிவைத் தீர்மானிப்பது மின்சாரக் கணக்கு. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோலைசரில் ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரித்து, அழுத்தி, வண்டியில் ஏற்ற ஏறத்தாழ 55 யூனிட் ஆகிறது. அந்தக் கிலோவில் இருக்கும் ஆற்றலே 33 யூனிட்தான். ஃப்யூவல் செல் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, 55 போட்டு 16 எடுக்கிறோம். 100 கி.மீ.க்கு 9 கிலோ என்றால் ஒரு வண்டிக்குத் தினம் 18 கிலோ, 990 யூனிட். அதே 200 கி.மீ.க்குப் பேட்டரி வண்டி, சார்ஜ் ஏற்றும் இழப்பையும் சேர்த்து, 280 யூனிட்டில் முடித்துவிடும். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலும் ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5,000 ரூபாய் வித்தியாசம்.

“இரவில் 50 வண்டியையும் சார்ஜில் போட்டால் மின் இணைப்பு தாங்காது” என்பது ஹைட்ரஜன் தரப்பின் வழக்கமான வாதம். 14,000 யூனிட்டை ஆறு மணி நேரத்தில் ஏற்ற 2.3 மெகாவாட் வேண்டும், உண்மைதான். ஆனால் பணிமனையிலேயே ஹைட்ரஜன் தயாரித்தால் எலக்ட்ரோலைசருக்கு 24 மணி நேரமும் 2 மெகாவாட் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கிட்டத்தட்ட அதே அளவு, பில் மூன்றரை மடங்கு. கூடவே தினம் 8,000 லிட்டருக்கு மேல் தாது நீக்கிய தண்ணீர். ஆர்.ஓ.வில் கழிந்து போவது தனி. சென்னை போன்ற ஊரில் தினம் ஒரு லாரித் தண்ணீருக்கும் மேல்.

அடுத்த தலைவலி, பணிமனையில் ஹைட்ரஜனை அழுத்தும் கம்ப்ரெசர். மெல்லிய உலோகத் தகடு அசைந்து வாயுவை அழுத்தும் டயஃப்ரம் வகை கம்ப்ரெசர் நிற்காமல் ஓடினால் நன்றாக உழைக்கும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் தகட்டில் விரிசல் விழும், சீல் தேயும். பணிமனையிலோ வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நிற்கும். முதல் சில வண்டிகள் 10, 15 நிமிடத்தில் நிரம்பிவிடும். சேமிப்புச் சிலிண்டரில் அழுத்தம் இறங்கியதும் அடுத்த வண்டி காத்திருக்க வேண்டியதுதான். ஒரு சார்ஜர் கெட்டால் அதில் நிற்கும் ஓரிரு வண்டிகள்தான் பாதிக்கும். ஒரே கம்ப்ரெசர் நின்றால் மறுநாள் காலை 50 ட்ரிப் ஷீட்டும் காலி.

பாதுகாப்பில் இரண்டுக்கும் அதனதன் பயம் உண்டு. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது, கசிந்தது மேலேறிக் கூரை மூலையில் தங்கும். ஆகவே ஷெட்டின் உச்சியில் காற்றுப்போக்கும், 1 சதவீதத்திலேயே அலறும் சென்சாரும் வேண்டும். 2019இல் நார்வேயின் சான்ட்விகாவில் நிரப்பு நிலையம் வெடித்ததற்குக் காரணம், உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் சரியாக முறுக்கப்படாத போல்ட்டுகள்.

பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பேருந்துகள் வாங்கும் திட்டத்தை 2022இல் கைவிட்டது. அவர்கள் கணக்கில் இயக்கச் செலவு கிலோமீட்டருக்கு 0.95 யூரோ, மின்பேருந்துக்கு 0.15. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025இல் தொடங்கிய முன்னோடி ஆலையின் ஹைட்ரஜன் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் செய்யவும் போகிறது. செய்து பார்க்க நல்லது. ஆனால் ஆலைக்குப் போகும் மின்சாரத்தை நேராக சார்ஜரில் கொடுத்தால் மூன்று மடங்கு வண்டி ஓடும்.

ஹைட்ரஜனுக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் பேருந்துகளின் சில ஃப்யூவல் செல்கள் 25,000 மணி நேரத்தைத் தாண்டி உழைத்தன. நம் கடலோர உப்புக்காற்றிலும் அப்படி உழைக்குமா என்பதற்கு நீண்டகால ஓட்ட அனுபவம் தேவை. நாளுக்கு 400 கி.மீ.க்கு மேல், நடுவில் சார்ஜ் போட நேரமே இல்லாத தடம் என்றால் நானும் மறுபடி கணக்குப் போடுவேன். அப்போது பார்க்க வேண்டியது ஆலை வாசல் விலை அல்ல, வண்டியில் நிரப்பும் நாசிலில் கிலோ என்ன விலை என்பதுதான். மேலே சொன்ன கணக்கில் பேட்டரியோடு சமமாக நிற்க அது 110 ரூபாயில் கிடைக்க வேண்டும். தயாரிக்கும் மின்சாரமே 385 ரூபாய்.